ஆழம் போனால் உப்பு: வாசகர் கேள்வி – பதில்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையோர ஊர்களிலிருந்தும், ராமேஸ்வரம் சாலையில் உச்சிப்புளி, மண்டபம் பக்கமிருந்தும் வந்த கடிதங்கள் இவை. கிணறு, பில்லர், கருவாடு, ஃபேன் என்று ஆளுக்கொன்றாகக் கேட்டிருந்தாலும் சுற்றிச் சுற்றி உப்பில்தான் வந்து நிற்கின்றன.

எங்கள் வீட்டில் 15 அடிக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. கோடையில் குறைகிறதே என்று 100 அடிக்கு போர் போட்டோம். வந்தது வாயில் வைக்க முடியாத உப்பு. இன்னும் 50 அடி போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்கிறார் போர்க்காரர். போகலாமா?
– வாசகி, உச்சிப்புளி

போகாதீர்கள். உங்கள் மணலில் நல்ல தண்ணீர் மேலேதான் இருக்கிறது. மழைத் தண்ணீர் கடல் தண்ணீரைவிட எடை குறைவு. அதனால் மணலுக்கடியில் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரி மிதந்துகொண்டிருக்கிறது. கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை நல்ல தண்ணீர். அதற்கும் கீழே உப்பு. 100 அடி போர் அந்த எல்லையைத் தாண்டிப் போயிருக்கிறது.

இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். மோட்டாரை ஓடவிட்டு மேல்மட்டத்தை 1 அடி இறக்கினால், கீழேயிருக்கும் உப்புத் தண்ணீர் 40 அடி வரை மேலே ஏறப் பார்க்கும். நல்ல கிணறுகூட ஒன்றரை ஹெச்.பி. மோட்டார் மாட்டிய இரண்டாம் வருடம் உப்பாவது இதனால்தான். தனுஷ்கோடிப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றெடுக்கும் பெண்களைக் கவனித்தால் தெரியும். சிரட்டையால் மேலாக மொள்வார்கள், ஊறும் வரை காத்திருப்பார்கள், மறுபடி மொள்வார்கள். அவசரப்பட்டுக் குழியை ஆழமாக்க மாட்டார்கள்.

செய்ய வேண்டியவை. முதலில் அந்த போரை அடியிலிருந்து வாய் வரை களிமண்ணோ சிமென்ட் பாலோ ஊற்றி அடைத்துவிடுங்கள். திறந்து கிடந்தால் கீழ் உப்பு மேல் அடுக்குக்கு வர அதுவே வழி, குழந்தைகளுக்கும் ஆபத்து. பிறகு பழைய கிணற்றைத் தூர் வாருங்கள். இல்லையென்றால் 3 அல்லது 4 அடி விட்டத்தில் புதிதாக உறைக்கிணறு இறக்குங்கள். தோண்ட நல்ல காலம் ஆவணி, புரட்டாசி. நம் பக்கம் மழை ஐப்பசியில்தான் பிடிக்கும் என்பதால் நீர்மட்டம் அப்போதுதான் அடியில் கிடக்கும். அந்த மட்டத்துக்குக் கீழே 2 அடி போதும், அதோடு நிறுத்துங்கள். அடி உறைகள் இரண்டு மூன்றுக்குப் பூச்சு வேண்டாம், தண்ணீர் ஊறி வரட்டும். மேல் உறைகளின் இணைப்பைச் சிமென்ட் வைத்துப் பூசுங்கள், அழுக்குத் தண்ணீர் இறங்கக் கூடாது. அடியில் அரை அடிக்குச் சல்லி.

மோட்டார் அரை ஹெச்.பி.க்கு மேல் வேண்டாம். தண்ணீர் உறிஞ்சும் குழாயின் முனையில் இருக்கும் ஃபுட் வால்வை அடியில் தொங்கவிடாமல், இறைக்கும்போது காற்று இழுக்காத அளவுக்கு மட்டும் தண்ணீரில் மூழ்க விடுங்கள். 20 நிமிடம் ஓட்டினால் ஒரு மணி நேரம் விடுங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டும் டி.டி.எஸ். மீட்டர், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், ஒன்று வாங்கி, மோட்டார் போட்டதும் ஒரு டம்ளர், நிறுத்தும் முன் ஒரு டம்ளர் பிடித்து அளவு பாருங்கள். இரண்டாவது டம்ளரில் 100, 200 கூடியிருந்தால் உப்பு ஏறுகிறது. ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள். குடிக்க 500 வரை நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு.

மாடித் தண்ணீரையும் தெருவில் விடாதீர்கள். 1,000 சதுர அடி மாடியில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர். சிந்தியது, ஆவியானது போக 7,000 லிட்டர் கிணற்றருகே இறங்கும். அதே மணலில் கழிப்பறைக் குழியும் ஊறும் என்பதால் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே 50 அடியாவது இருக்கட்டும். ஒரு மனைக்குள் அந்த 50 அடி கிடைக்காது என்றால், அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கத் துவைக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

காவிரித் தண்ணீர் எங்கள் தெருவுக்குச் சில நாள் இடைவெளி விட்டுத்தான் வருகிறது. தொட்டியில் பிடித்து வைத்தால் மூன்றாம் நாள் வாடை அடிக்கிறது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?
– வாசகி, பெரியபட்டினம்

1,000 லிட்டருக்குத் தலைதட்டிய ஒரு டீஸ்பூன், அதாவது 4, 5 கிராம். நேரடியாகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் மக்கில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் ஊற்றிக் கலக்கி 10 நிமிடம் வையுங்கள். சுண்ணாம்பு அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் கழித்துப் புழங்குங்கள். லேசான குளோரின் வாடை வந்தால் சரி. வாடையே இல்லையென்றால் பவுடர் பழசு. கடற்கரை ஈரத்தில் மூட்டை திறந்த பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். சிறு பொட்டலமாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். கழிப்பறை ஆசிட்டோடு மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், விஷ வாயு வரும்.

தொட்டியில் சேறு கிடந்தால் எவ்வளவு பவுடர் போட்டும் பயனில்லை. அதைக் கரைக்கவே மருந்து தீர்ந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடி வரை தேய்த்துக் கழுவுங்கள். டிரம்மில் பிடிப்பவர்கள் வாரம் ஒருமுறை காலி செய்தால் மட்டும் போதாது. டெங்கு கொசு முட்டையைத் தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே, டிரம்மின் சுவரில் ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் மேலேறியதும் பொரியும். தேங்காய் நாரால் உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

வீடு கட்டி 8 வருடம்தான் ஆகிறது. கடலுக்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். போர்டிகோ பில்லரில் நெடுக விரிசல் விட்டு, காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கொத்தனார் சிமென்ட் பூசி மறைத்துத் தருகிறேன் என்கிறார்.
– வாசகர், கீழக்கரை

பூசி மறைத்தால் இரண்டு மழைக்குள் அதே இடமும் பக்கத்து இடமும் சேர்ந்து பெயரும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைச் சிமென்ட்டின் காரத்தன்மை ஒரு மெல்லிய படலம் போட்டுக் காக்கிறது. உப்பு உள்ளே போனால் அந்தப் படலம் உடையும். துரு, தான் தின்ற இரும்பைப் போலப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாததால் கான்கிரீட்டைப் பிளக்கும். விரிசல் குறுக்கே போகாமல் கம்பியின் போக்கிலேயே நெடுகப் போனால் துரு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

உப்பு இரண்டு வழியில் வந்திருக்கும். ஒன்று காற்று. இன்னொன்று நீங்களே சேர்த்தது: உப்பு போர்த் தண்ணீரில் கலவை போட்டது, அதிலேயே நனைத்தது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456. நம் பக்கத்து போர்கள் பலவும் அதைத் தாண்டும்.

சரி செய்வது எப்படி? சிறு சுத்தியலால் பில்லர் முழுக்கத் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெற்றோசை வரும் இடமெல்லாம் பெயரப்போகிற இடம், சாக்பீஸால் வட்டமிடுங்கள். கொத்துவதற்கு முன் பீமுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், இதில் சிக்கனம் கூடாது. வட்டமிட்ட இடத்தைக் கம்பிக்குப் பின்னால் விரல் போகிற அளவு, சுமார் 20 மில்லிமீட்டர், கொத்தி எடுக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் கொத்தி, பின்பக்கத் துருவை அப்படியே விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு. கம்பி பிரஷ் போட்டு, இரும்பு பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கம்பி ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்திருந்தால் பக்கத்தில் புதுக் கம்பி வைத்துக் கட்ட வேண்டும். எத்தனை, எந்த அளவு என்பதைக் கொத்தனார் சொல்லக் கூடாது, பொறியாளர் சொல்ல வேண்டும். பிறகு துத்தநாக ப்ரைமர், அதன்மேல் பாலிமர் கலந்த காரை. கடைசியில் முழுப் பில்லருக்கும் உப்புக்காற்று புகாத பூச்சு.

புதிதாகக் கட்டுபவர்களுக்கு: கடற்கரையில் எம்.30 கான்கிரீட் (எம். எண் கூடக் கூட வலு கூடும்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடல், நேரடியாக அலைத் தெறிப்பு படும் இடமென்றால் எம்.35, 50 மில்லிமீட்டர். இங்கே கட்டும் வீடுகளில் கம்பியைத் தூக்கி நிறுத்தும் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக்கோ, ஒரு ஜல்லியோதான் கம்பிக்கு அடியில் இருக்கிறது. சிமென்ட்டில் பாதிக்கும் குறைவாகத்தான் தண்ணீர்: 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர் சொச்சம், மணலில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து. "கலவை ஓடினால்தான் சார் இறங்கும்" என்று இன்னொரு குடம் ஊற்றுவார்கள். ஓட வேண்டுமென்றால் அதற்கான கலவை மருந்து வாங்கிக் கொடுங்கள், குடத்தைப் பிடுங்கி வையுங்கள். கூடுதல் தண்ணீர் ஆவியாகிப் போன துளைகள்தான் உப்பு நுழையும் வாசல். சிமென்ட், அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்ததாக இருந்தால் உப்பை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் 10 நாளாவது நனைக்க வேண்டும். நனைக்கும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். லாரித் தண்ணீர் செலவுதான். 8 வருடம் கழித்து முட்டுக் கொடுக்கும் செலவைவிடக் குறைவு.

பாம்பனில் 6-ம் எண் கூண்டு ஏற்றினால் 5-ஐவிடப் பெரிய புயல் என்று அர்த்தமா?
– மாணவர், மண்டபம்

இல்லை. 5, 6, 7 மூன்றும் ஒரே வலுவுள்ள புயலைத்தான் சொல்கின்றன. புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும் என்பதில்தான் வித்தியாசம்: 5, 6 ஒவ்வொரு பக்கத்துக்கும், 7 துறைமுகத்தின் மீதோ மிக அருகிலோ. 8, 9, 10 அதே வரிசைதான், ஆனால் தீவிரப் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது, மோசமானதை எதிர்பார்க்க வேண்டியதுதான். ஒன்றும் இரண்டும் தொலைவில் இருப்பதற்கு. 3 என்றால் திடீர்க் காற்றும் மழையும் இங்கேயே வரலாம். 4 என்றால் புயலே துறைமுகத்தைத் தாக்கலாம். ஒன்றாம் எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களும், 3-ஐப் பார்த்து வலையை எடுக்கப் போகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். இரண்டுமே தப்பு.

வீட்டளவில் 3 ஏறும்போதே செய்ய வேண்டியது: மேல்தொட்டியையும் சம்பையும் நிரப்பிவிடுங்கள், மின்சாரம் போனால் மோட்டார் இல்லை. தகரக் கூரையின் ஜே-போல்ட்டுகளைத் திருகிப் பாருங்கள், வாஷர் துருப்பிடித்துப் போயிருந்தால் தகரம் முதலில் பிய்வது அங்கேதான். கடல் தண்ணீர் ஊருக்குள் ஏறிக் கிணற்றில் விழுந்துவிட்டால், மோட்டார் போட்டு அடி வரை இறைத்துச் 'சுத்தம்' செய்யாதீர்கள். முதல் பதிலில் சொன்ன கணக்குப்படி, கீழிருந்தும் உப்பு ஏறிவிடும். மேலாகக் கொஞ்சம் இறைத்துக் குப்பையை எடுத்துவிட்டு மழைக்கு விடுங்கள்.

சாலையோரத்தில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் கருவாடு சிவப்படித்துப் போகிறது, புழுவும் வைக்கிறது. சிலர் மருந்து தெளிக்கச் சொல்கிறார்கள்.
– வியாபாரி, தேவிபட்டினம்

தெளிக்கும் பூச்சிமருந்து சாப்பிடுகிறவர் வயிற்றுக்குத்தான் போகும். அந்தப் பேச்சே வேண்டாம்.

இரண்டும் வேறு வேறு நோய். சிவப்பு என்பது உப்பிலேயே வாழும் கிருமி. பாத்தி அடியில் சுரண்டிய, மண் கலந்த மலிவு உப்பில் அது நிறைய இருக்கும். வெள்ளையான உப்பு வாங்குங்கள். சிவந்த மீனைத் தனியே எடுத்துவிட்டு, அது கிடந்த தொட்டி, கூடை, பலகை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்; இல்லையென்றால் அடுத்த சரக்கிலும் ஏறும். அளவு: குடலெடுத்துக் கழுவிய 4 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு. பெரிய மீனை முதுகில் கீறி, கீறலுக்குள்ளும் உப்பைத் திணிக்க வேண்டும். ஒரு நாள் முழுக்க உப்பில் கிடக்கட்டும். நெத்திலி, காரல் மாதிரிப் பொடி மீனுக்கு உப்பே இல்லாமல் ஒரே வெயிலில் காயவைத்தாலும் சரி.

புழு என்பது ஈயின் வேலை. முதல் நாள், மீன் ஈரமாக இருக்கும்போதே முட்டை வைத்துவிடும். நீங்கள் பார்ப்பது பிறகு. மணலில் போடாமல், தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வலை கட்டிய பந்தலில் காயவையுங்கள், மேல்தோல் உலரும் வரை கொசுவலை போடுங்கள். காற்று அடியிலும் போவதால் சீக்கிரமும் காயும். தார்ச் சாலை ஓரத்தில் பரப்பும் வழக்கத்தை விடுங்கள், டயர்த் தூசி மீனோடு எடைக்கு வருகிறது.

மழைக்காலச் சிக்கல் வேறு. காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த சாக்கில் வைத்த கருவாடு நனையாமலே ஈரமாவது இதனால்தான். வெயிலில் எடுத்த சூட்டோடு கட்டாமல், ஆறவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி, அதை ஓலைப்பெட்டியில் வையுங்கள். வாரம் ஒருமுறை வெயில் கண்ட நாளில் பிரித்துப் போடுங்கள். கடைக்கு முன்னால் தொங்கவிடும் சரக்கு அன்றன்றைக்கு விற்கிற அளவு மட்டும்.

நெடுஞ்சாலையில் டீக்கடை. பாலும் தூளும் நல்லதுதான், ஆனாலும் டீ கறுத்துச் சப்பென்று இருக்கிறது.
– வாசகர், சாயல்குடி

தண்ணீர். கடினத் தண்ணீரில் தூள் இறங்காது, மேலே படலம் கட்டும், பாலும் சீக்கிரம் திரியும். டீக்கு மட்டும் டி.டி.எஸ். 300-க்குள் உள்ள தண்ணீரைக் கேனில் வாங்குங்கள். கிளாஸ் கழுவ உள்ளூர்த் தண்ணீர் போதும். பாய்லரில் வெள்ளையாகப் படிந்திருப்பதை எலுமிச்சை உப்பு, லிட்டருக்கு 25 கிராம், போட்டு ஒருமுறை கொதிக்கவைத்து வெளியேற்றி, இரண்டு தடவை அலசுங்கள். கேஸும் மிச்சமாகும். அப்புறம், அந்த 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கடையில் வைக்காதீர்கள். உங்கள் கடிதத்தில் சிலிண்டர் செலவுக் கணக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கடைக்கு 19 கிலோதான்.

இரவில் ஈ.சி.ஆரில் பைக்கில் வேலைக்குப் போய்வருகிறேன். மாடும் ஆடும் திடீரென்று எதிரில் நிற்கின்றன.
– வாசகர், தொண்டி

நிற்பதைவிடப் படுத்திருப்பவைதான் அதிகம். இரவில் தார் சூடாகவும் ஈரமில்லாமலும் இருக்கிறது, காற்றும் அடிக்கிறது, கொசு குறைவு. பைக்கின் தாழ்வான வெளிச்சம் ஏறக்குறைய 40 மீட்டர்தான் போகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் கண்டு, பிரேக் பிடித்து, நிற்க அந்த 40 மீட்டரும் வேண்டும். 70-ல் போனால் மாட்டைப் பார்ப்பீர்கள், நிற்க முடியாது. எதிர் வண்டி வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். ஆடிக் காற்றில் வளைவுகளில் மணல் படிந்திருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதீர்கள்.

விபத்தைப் பார்த்தால் 108. தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கும் சொல்லலாம். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் குறிப்பிட்ட வரம்பு வரை தமிழக அரசு ஏற்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும். உதவியவர் பெயர், முகவரி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் 134-ஏ என்று பிரிவே இருக்கிறது. ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றாதீர்கள், தண்ணீர் கொடுக்காதீர்கள்.

வாங்கிய ஃபேன், ஸ்விட்ச், ஏ.சி. எல்லாமே இரண்டே வருடத்தில் போய்விடுகின்றன.
– வாசகி, ஏர்வாடி

ஏ.சி. வெளியூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மாதம் இருமுறை மெயினை அணைத்துவிட்டு நல்ல தண்ணீரில் லேசாக அலசுங்கள், பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கும். ஸ்விட்ச் பெட்டிக்குள் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்தால் இணைப்பு சூடாகிக் கருகும். வருடம் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வைத்துத் திறந்து தேய்த்து இறுக்கச் சொல்லுங்கள். எர்த் குழியில் உப்பு போடும் பழக்கம் நம் மண்ணில் தேவையே இல்லை, குழாயைத்தான் தின்னும். மின்கசிவு வந்தால் தானாக விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத வீடாக இருந்தால் புது ஃபேனுக்கு முன் அதை வாங்குங்கள். அதிலுள்ள 'டெஸ்ட்' பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். அழுத்தியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா.

வாரம் ஒரு பஞ்சர். எல்லாம் சீமைக் கருவேல முள். என்ன செய்ய?
– வாசகர், தேவிபட்டினம்

விறகு லாரியும் கரிமூட்ட லாரியும் உதிர்த்துப் போவது சாலை ஓரத்தில்தான் சேரும். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஓட்டாதீர்கள். ட்யூப்லெஸ் டயர் என்றால் முள்ளைப் பார்த்த இடத்திலேயே பிடுங்கக் கூடாது. முள்ளே அடைப்பாக இருக்கும், பஞ்சர் கடை வரை காற்று தாங்கும். பிடுங்கினால் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். கடையில் முள்ளை எடுத்ததும் டயரின் உள்பக்கம் கைவிட்டுத் தடவச் சொல்லுங்கள். பாதி ஒடிந்து உள்ளே நிற்கும் இன்னொரு முள்தான் அடுத்த வாரப் பஞ்சர்.